மருந்தைக் 'கழித்தல்': எல்லைப்புற வாசகரும் மருத்துவர் எழுத்தின் மொழியும்

1. முன்னுரை

மருத்துவர் ஒருவர் பொதுமக்களை நோக்கி எழுதும் உரைநடை தமிழில் தனியொரு வகையாக வளர்ந்துள்ளது. நோயின் இயல்பைக் கூறத் தொடங்கும் இவ்வகை எழுத்து, விரைவிலேயே நோயாளியின் குடும்பத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து வரவு செலவுக் கணக்கைத் தொடுகிறது. இறுதியில் வாழ்க்கை பற்றிய ஓர் அறிவுரையில் நிறைவு பெறுகிறது. உடல், குடும்பம், பணம், வாழ்நெறி என்னும் இந்நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வருவது தற்செயலன்று. நோய் ஒரு வீட்டில் எவ்வரிசையில் தன் விளைவுகளைக் காட்டுகிறதோ, அவ்வரிசையையே இவ்வெழுத்தும் பின்பற்றுகிறது.

இவ்வகை எழுத்தை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களைக் கைக்கொள்வர். மருத்துவச் செய்தி சரியானதா என்பது ஒன்று. கலைச்சொல் தூயதா என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் தேறிய ஒரு கட்டுரை, வாசகரின் கையில் தவறான செயலாக முடியக்கூடும். எழுதுபவரின் தமிழும் படிப்பவரின் தமிழும் ஒரே சொல்லுக்கு இருவேறு பொருள் கொள்ளும் இடங்களில் இந்த இடர் மிகுதி. அத்தகைய இடமொன்றைச் சோதனைக் களமாகக் கொண்டு, மருத்துவர் எழுத்தின் மொழியை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களே அக்களம்.

2. களமும் வாசகரும்

பழைய திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியில் தமிழும் மலையாளமும் நெடுங்காலமாக ஒருங்கே வழங்கி வந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரியிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை ஒரு மாநிலத்திலும், அதனை அடுத்த இஞ்சிவிளை மறுமாநிலத்திலும் அமைந்தன. ஆட்சி எல்லை ஒரே நாளில் வரையப்பட்டது. பேச்சுமொழியின் எல்லை அவ்வாறு வரையப்படக் கூடியதன்று.

இப்பகுதியில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியிலும் அலுவலகத்திலும் மலையாளம் எழுதும் குடும்பங்கள் உள்ளன. முதியோர் தமிழ் எழுத்தை மட்டும் அறிந்திருக்க, பேரப்பிள்ளைகள் மலையாள எழுத்தை மட்டும் அறிந்திருக்கும் வீடுகளும் உண்டு. மருத்துவமனையில் கிடைத்த மலையாளத் துண்டறிக்கையைப் பேரன் உரக்கப் படிக்க, பாட்டி தன் தமிழில் அதனைப் பொருள் கொள்கிறாள். மொழிபெயர்ப்பு என்று எவரும் பெயரிடாத மொழிபெயர்ப்பு அங்கு நிகழ்கிறது. நோயாளிகள் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் செல்வர். எல்லை கடந்து நாகர்கோவிலுக்கும் செல்வர். அருகிலுள்ள காரக்கோணத்தில் 2002இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்கும் செல்வர். ஆகவே ஒரே நோய்க்கான அறிவுரை இருமொழிகளிலும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர இடமுண்டு.

காரக்கோணக் கல்லூரி தாங்கி நிற்கும் பெயர் தியோடர் ஹோவர்டு சாமர்வெல் என்பவருடையது. மருத்துவர் எழுத்தின் வரலாற்றில் அவருக்கும் ஓரிடம் உண்டு.

3. மூன்று முன்மாதிரிகள்

3.1 கிறீன்: சொல்லை ஆக்கியவர்

மேலை மருத்துவத்தைத் தமிழில் எழுதியோருள் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழையே பயிற்றுமொழியாக்கினார். அவரும் அவருடைய மாணவர்களும் ஆக்கிய நூல்களின் பெயர்களே அவர்தம் சொல்லாக்க நெறியைக் காட்டப் போதுமானவை. 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்' ஆகியன மக்கள் வழக்கில் முன்பே இருந்த சொற்களால் ஆனவை. 'மனுஷ அங்காதிபாதம்' வடசொற்களைக் கொண்டு கட்டப்பட்டது. 'கெமிஸ்தம்' ஆங்கிலச் சொல்லின் ஒலிக்குத் தமிழ் ஈறு கொடுத்துச் செய்யப்பட்டது. வழக்குச்சொல், வடசொல், ஒலிபெயர்ப்பு என்னும் இம்மூன்று வழிகளும் இன்றைய கலைச்சொல் குழுக்களின் விவாதத்திலும் தொடர்கின்றன.

கிறீனின் பணி பெரிது. எனினும் அவருடைய வாசகர் மருத்துவ மாணவர் என்பதை மறத்தலாகாது. மாணவருக்குச் சொற்பொருளை ஆசிரியர் விளக்குவார். வீட்டிலிருக்கும் நோயாளிக்கு அந்த வசதி இல்லை. கிறீனின் நெறியை அப்படியே பொதுமக்களுக்கான எழுத்துக்கு ஏற்றிய பிற்காலத்தவர் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு கருதவில்லை. பெயர்ச்சொற்களை ஆக்குவதே மருத்துவத் தமிழின் முழுப்பணி என்னும் எண்ணம் இங்கிருந்தே வேரூன்றியது எனலாம்.

3.2 சாமர்வெல்: நோயாளியை எழுதியவர்

1922, 1924 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட சாமர்வெல் (1890–1975), முதற்பயணத்தின் பின் நெய்யூர் மருத்துவமனையைக் கண்டு, அங்கேயே அறுவை மருத்துவராகப் பல்லாண்டு பணியாற்றினார். அம்மருத்துவமனையின் தொடக்கம் 1838இல் அங்கு வந்த ஆர்ச்சிபால்டு ராம்சே காலத்தது. 'எவரெஸ்டுக்குப் பின்' என்று பொருள்படும் ஆங்கில நூலை 1936இலும், இந்தியாவில் தம் அறுவைக் கத்தியையும் வாழ்வையும் பற்றிய நூலை 1940இலும் அவர் வெளியிட்டார். தென்திருவிதாங்கூரில் மிகுந்திருந்த குடற்புண் குறித்து அவரும் அயன் ஓர் என்பவரும் 1936இல் ஆய்வுரை எழுதினர். வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்று குறித்து ஓர் 1933இல் 'லான்செட்' இதழில் எழுதியிருந்தார்.

இவ்வெழுத்துகளின் பொருள் தென்திருவிதாங்கூர் மக்களின் உடல். வாசகரோ கடல் கடந்த ஆங்கிலேயர். தம் நோயைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க இயலாத நோயாளி, அவ்வெழுத்தில் வாசகராக இடம்பெறவில்லை. சாமர்வெல்லின் தொண்டுக்கு இது குறையன்று. அவ்வெழுத்து வகையின் எல்லை இது. ஜெயமோகனின் 'அறம்' தொகுதியில் (2011) இடம்பெற்ற 'ஓலைச்சிலுவை' என்னும் சிறுகதை சாமர்வெல்லைப் பாத்திரமாக்கியது. இவ்வாறு அம்மருத்துவரை அம்மண்ணின் எழுத்தாளர் ஒருவர் தமிழில் மீட்டெழுத முக்கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

3.3 நந்தி: வாசகரை விளித்தவர்

மூன்றாமவர் ஈழத்தின் 'நந்தி'. பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம் (1928–2005) என்னும் இவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவம் கற்பித்தவர். மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய 'மலைக்கொழுந்து' நாவலின் ஆசிரியர். மக்களுக்கான நலவாழ்வு நூல்களுக்கு அவர் இட்ட பெயர்கள் 'அருமைத் தங்கைக்கு', 'நந்தினி உன் குழந்தை' என்பன. முன்னதன் நான்காம் வேற்றுமை உருபும் பின்னதன் முன்னிலைச் சொல்லும் பாட்டுடைப் பொருளை அறிவிக்கவில்லை. ஓர் ஆளை அழைக்கின்றன. கிறீனின் நூற்பெயர்கள் அறிவுத்துறையைச் சுட்டின. நந்தியின் நூற்பெயர்கள் உறவைச் சுட்டுகின்றன. எழுதுபவர் அண்ணன் ஆனவுடன், கருவுற்ற பெண்ணிடம் எத்தகைய சொல்லைக் கூறலாம், எதனைக் கூறலாகாது என்பதை உறவுமுறையே வரையறுத்துவிடுகிறது.

மக்கள் மருத்துவ எழுத்துக்கு மூன்று முன்மாதிரிகளுள் மிகவும் பொருத்தமானது நந்தியினதே. ஆயினும் விளித்தல் மட்டும் போதாது. விளிக்கப்பட்ட தங்கை பாறசாலையில் இருப்பாளாயின், அண்ணனின் சொல் அவளிடம் என்ன பொருளோடு சென்று சேரும் என்பது அடுத்த வினா.

4. உடல்: ஒரே சொல், இரு நோய்

எல்லைப்புறத்தில் நோய்க்கே வழங்கும் சொல் 'தீனம்'. மலையாளத்திலும் அதுவே. இலக்கியத் தமிழில் தீனம் என்பது வறுமை, எளிமை. யாழ்ப்பாண வழக்கில் நோயைக் குறிக்கும் 'வருத்தம்' தமிழகத்தில் மனத்துயரையே குறிப்பது இதனோடு ஒப்பிடத்தக்கது. தமிழின் இருவேறு ஓரங்களில், இருவேறு சொற்கள், உடற்பிணியையும் வாழ்க்கைத் துன்பத்தையும் இவ்வாறு இணைத்து நிற்கின்றன.

இவை பொருள் விரிவின் அழகிய சான்றுகள். ஆனால் பின்வருவனவற்றில் அழகைவிட இடரே மிகுதி.

(அ) சர்க்கரை. பொதுத்தமிழில் இன்று சர்க்கரை என்பது வெள்ளைச் சீனி. மலையாளத்தில் 'சர்க்கர' என்பது வெல்லம்; வெள்ளைச் சீனிக்கு அங்குப் 'பஞ்சசார' என்று பெயர். தென்தமிழகத்திலும் ஈழத்திலும் வெல்லத்தைச் சர்க்கரை எனல் உண்டு. சர்க்கரைப் பொங்கல் இதற்குச் சான்று. 'சர்க்கரையைத் தவிர்க்கவும்' என்னும் சென்னைத் தமிழ் வாக்கியம் எல்லைப்புற வாசகருக்கு வெல்லத்தை மட்டும் விலக்கச் சொல்வதாக முடியலாம். மறுதலையாக, 'சீனி வேண்டாம்' என்றால் கருப்பட்டிக்குத் தடையில்லை எனக் கொள்ளும் பனைநாட்டு வீடுகள் பல. வெல்லமும் கருப்பட்டியும் இரத்தத்தில் குளுக்கோசை உயர்த்துவனவே. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வு நாட்டில் வயது வந்தோருள் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு எனக் கண்டது. கேரளத்தில் அது ஏறத்தாழ 25 விழுக்காடு. இத்துணைப் பரவலான நோயின் முதல் அறிவுரையிலேயே சொல் வழுக்குகிறது.

(ஆ) பிரமேகம். மலையாளத்தில் 'பிரமேஹம்' என்பது நீரிழிவின் பொதுப்பெயர். தமிழ் நாட்டு வழக்கில் 'மேகநோய்' என்பது பால்வினை நோயையும் குறிப்பது. மலையாளக் கட்டுரையிலிருந்து 'பிரமேகம்' என அப்படியே எடுத்தெழுதினால், தமிழ் முதியவர் ஒருவர் தம்மீது பழி சுமத்தப்பட்டதாக எண்ணவும், நோயை மறைக்கவும் இடமுண்டு.

(இ) காசம். தமிழில் காசநோய் என்பது நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய். மலையாளத்தில் அது 'க்ஷயம்'. அங்குக் 'காசம்' என்பது வடமொழிப் பொருளையொட்டி இருமலையும் இரைப்பையும் சுட்டும். 'காசநோய் மருந்தை ஆறு மாதம் இடைவிடாது உட்கொள்ளவேண்டும்' என்னும் வாக்கியத்தை, நாட்பட்ட இருமலுக்கான அறிவுரையாக ஒருவர் கொள்வாராயின், இருமல் நின்றவுடன் மருந்தையும் நிறுத்திவிடுவார். மருந்துக்கு அடங்காத கிருமி தோன்றும் வழிகளுள் இதுவும் ஒன்று.

(ஈ) வலிவு. தமிழில் வலிமை, மலையாளத்தில் மூச்சிரைப்பு. 'குழந்தைக்கு வலிவு உண்டு' என்பது ஒரு தாய்க்கு மகிழ்ச்சி, மற்றொரு தாய்க்கு அச்சம்.

(உ) வண்ணம், பனி, முறுக்கு. மலையாள நலவாழ்வு எழுத்தில் 'வண்ணம் குறைத்தல்' என்பது உடற்பருமன் குறைத்தல். தமிழர் நிறத்தை எண்ணுவர். அங்குப் 'பனி' காய்ச்சல். 'முறுக்கு' என்பது வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுதலையும் குறிக்கும். அயன் ஓர் எழுதிய அந்தப் பழக்கத்தைக் கைவிடுமாறு கூறும் மலையாள அறிவுரை, சொல் மாறாமல் தமிழுக்கு வந்தால் ஒரு தின்பண்டத்தின் மீதான தடையாகிவிடும்.

5. குடும்பம்: உறவுப்பெயரும் குருதி வழியும்

மருத்துவர் எழுத்து குடும்பத்துக்குள் நுழையும் வாயில், நோயின் பரம்பரை வரலாறு. 'நெருங்கிய உறவினர் எவருக்கேனும் இந்நோய் உண்டா?' என்னும் கேள்விக்கு விடை உறவுப்பெயர்களில் வருகிறது. 'மருமகன்' என்பது மலையாளத்தில் மகளின் கணவனையும் உடன்பிறந்தாளின் மகனையும் குறிக்கும். தமிழிலும் ஆண்மகன் ஒருவன் தன் சகோதரியின் மகனை அவ்வாறு கூறலாமாயினும், பொது எழுத்தில் மகளின் கணவன் என்பதே முந்திக்கொள்ளும் பொருள்.

தென்திருவிதாங்கூரில் இச்சொல் சொத்தையும் தாங்கி நின்றது. தாய்வழியில் மருமக்களுக்குச் செல்லும் உரிமையின் துயரங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னும் நூலில் அங்கதமாக்கினார். அச்சமூகத்தின் உரிமை முறையைத் திருத்தும் சட்டம் 1926இல் திருவிதாங்கூரில் வந்தது.

சட்டம் மாறிய பின்னரும் சொல்லின் இரட்டைப் பொருள் நீடிக்கிறது. மருத்துவத்தில் அது சிறிய செய்தியன்று. குருதி உறையாமை போன்ற நோய், தாய் வழியே கடந்து அவள் மகனிடம் வெளிப்படுவது. தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் அந்நோய் இருப்பின், அது பரம்பரையின் தெளிவான தடயம். அந்த 'மருமகனை' மகளின் கணவன் என மொழிபெயர்த்தால் தடயம் அழிந்துபோகும். இவ்வாறே 'கொச்சுமகன்' மலையாளத்தில் பேரன்; சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் இளைய மகன் என்று எழுதித் தலைமுறை ஒன்றைக் குறைத்துவிடுவார். உறவுப்பெயரைக் கொண்டு வாசகரை அணைத்த நந்தியின் வழி சரியானது. உறவுப்பெயரால் குருதி வழியைக் கேட்கும்போதோ 'உன் அக்காள் மகன்', 'உன் மகளின் கணவன்' என விரித்தெழுதுதலே காப்பானது.

6. பணம்: அடகும் பணயமும்

நோயின் செலவு பற்றி எழுதும் மருத்துவர், கடனைப் பற்றி எழுதாமல் இருக்க இயலாது. இங்கும் இருமொழிகளின் பொதுச்சொற்கள் பொருளால் பிரிகின்றன. மலையாளத்தில் நகையை அடகு வைத்தல் 'பணயம் வைக்குதல்'. எழுத்துத் தமிழில் பணயம் என்பது சூதில் வைக்கும் பொருள். 'தாயின் தாலியைப் பணயம் வைத்து மருத்துவம் செய்தான்' என்னும் வாக்கியம் எல்லைக்கு இப்பால் அடகுக்கடைச் செய்தி. அப்பால் அது மகனின் ஒழுக்கத்தின் மீதான ஐயம். பணம் பற்றிய எழுத்தில் பழிப்பும் பரிவும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதற்கு இது சான்று.

கடனுக்குரிய மிகுபணம் தமிழில் 'வட்டி', மலையாளத்தில் 'பலிச'. அங்கு வட்டி என்பது கூடை. ஆயினும் கொடுவட்டியைக் குறிக்க 'வட்டிப்பலிச' என்னும் இணைமொழி உண்டு. ஒரே பொருளைத் தரும் இருமொழிச் சொற்கள் கைகோத்து நிற்கும் அத்தொடர், கடன் எல்லை கடந்து சென்ற வரலாற்றைத் தன்னுள் அடக்கியது. சீட்டு என்பது தமிழில் சேமிப்புச் சீட்டையும் குறிக்கும். மலையாளத்தில் அதற்குச் 'சிட்டி' என்று பெயர், 'சீட்டு' என்றால் துண்டுத்தாளோ விளையாட்டுச் சீட்டோ ஆகும். 'மாதச் சீட்டில் சேமித்தால் மருத்துவச் செலவுக்கு உதவும்' என்னும் நல்லுரை இப்பகுதியில் விளக்கம் வேண்டுவது.

உதவித் திட்டங்களின் மொழியும் இவ்வாறே. காசநோயாளிக்கு ஊட்டத்துக்கென ஒன்றிய அரசு 2018இல் மாதம் 500 ரூபாய் வழங்கத் தொடங்கி, 2024 நவம்பரில் அதனை 1,000 ரூபாயாக உயர்த்தியது. அத்தொகைக்கு உரியவர் 'காசநோயாளி' என்று தமிழ் அறிவிப்பு கூறும். 'க்ஷயரோகி' என்று மலையாள அறிவிப்பு கூறும். தம் நோயின் பெயரை மறுமொழியில் அறியாத ஒருவர், தமக்குரிய பணத்தையும் அறியாது போகலாம். சொல்லின் பிழை இங்கு நேரே அடுப்படியில் சென்று முடிகிறது.

7. அறிவுரையின் வினை

இதுகாறும் கூறியன பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். இவற்றுக்கு நடைமுறையில் ஒரு மாற்று ஏற்கனவே உள்ளது. ஷுகர், பிரஷர், டி.பி., அட்டாக் ஆகிய சொற்கள் எல்லையின் இருபுறமும் ஒரே பொருளில் வழங்குகின்றன. தூய தமிழ் நாட்டமுடையோர் இவற்றை ஏற்கத் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்துக்கு மதிப்பளித்து நீரிழிவு என்றே எழுதலாம். எனினும் முதன்முறை வரும் இடத்தில் 'ஷுகர் எனப்படும் நீரிழிவு' என அடைகொடுத்தல் நோயாளிக்குச் செய்யும் கடமை. சொற்றூய்மைக்காக நோயாளி விலை கொடுத்தல் முறையன்று.

ஆனால் ஆங்கிலச் சொல் கைகொடுக்காத இடம் ஒன்றுண்டு. அது வினைச்சொல். மலையாளத்தில் மருந்து உட்கொள்ளுதல் 'மருன்னு கழிக்குதல்'. உணவு உண்ணுதலும் கழித்தலே. தமிழில் கழித்தல் என்பது நீக்குதல், வெளியேற்றுதல். 'இரவில் இரண்டு மாத்திரை கழிக்கவும்' என்று மலையாள வழக்கைத் தமிழ் எழுத்தில் இட்டால், உட்கொள்ளவேண்டியதை ஒதுக்கச் சொல்லும் வாக்கியமாகிவிடும். அளவைக் குறைக்கச் சொல்வதாகவும் கொள்ளலாம். வயிற்றுப்போக்கைக் 'கழிச்சல்' என்னும் தமிழ் முதியவரிடம் இச்சொல் எதிர்ப்பொருளையே எழுப்பும்.

பிழைத்தல் இன்னொன்று. 'அறுவைக்குப் பின் அப்பெண் பிழைத்தாள்' என்பது தமிழில் நற்செய்தி. மலையாளத்தில் 'பிழச்சவள்' என்பது ஒழுக்கம் தவறியவள். 'மாறுதல்' மூன்றாவது. மலையாளத்தில் நோய் மாறினால் நோய் நீங்கிற்று. யாழ்ப்பாணத் தமிழிலும் அவ்வாறே. தமிழகத்து வாசகரோ, நோய் வேறொன்றாக மாறியது எனக் கலங்கக்கூடும்.

தடையைக் கூறும் துணைவினைகளும் இவ்வகையின. மலையாளத்தில் 'பாடில்ல' என்பது கூடாது என்னும் கட்டளை. தமிழில் 'வந்தபாடில்லை', 'நின்றபாடில்லை' என்பன நிகழாமையைக் கூறுவன, தடுப்பன அல்ல. அறிவுரை எழுத்தின் உயிர் 'வேண்டும்', 'வேண்டாம்', 'கூடாது', 'லாம்' ஆகிய நான்கில் இருக்கிறது. இவற்றுள் 'லாம்' ஈற்றின் பொருள் பெரிதும் நெகிழ்வானது. 'மருந்தை நிறுத்தலாம்' என்பது இசைவா, பரிந்துரையா, ஊகமா என்பதை வாசகரே முடிவு செய்ய விடப்படுகிறார். கடன் சுமையில் இருக்கும் வாசகர் எதனைத் தேர்ந்துகொள்வார் என்பதை ஊகிப்பது அரிதன்று.

கலைச்சொல் அகராதிகள் நோய்ப்பெயர், உறுப்புப்பெயர், மருந்துப்பெயர் ஆகியவற்றில் காட்டிய உழைப்பை வினைச்சொற்களில் காட்டவில்லை. பெயர்ச்சொல் நோயை அறிவிக்கிறது. நோயாளியைச் செயற்படுத்துவது வினைச்சொல்லே. மருத்துவத் தமிழின் பெருங்குறை இங்கு உள்ளது.

8. மறுப்பும் அதன் எல்லையும்

எல்லைப்புற மக்கள் இருமொழியாளர். சூழலைக்கொண்டு பொருளைத் தெளிந்துகொள்வர் என்று ஒரு மறுப்பு எழலாம். நேர்முகப் பேச்சில் இது பெரும்பாலும் உண்மை. 'வெள்ளம்' குடிக்கக் கேட்பவர் வெள்ளப்பெருக்கைக் கேட்கவில்லை என்பதை எவரும் அறிவர். எழுத்தில் நிலைமை வேறு. முகக்குறிப்பு இல்லை, திரும்பக் கேட்க ஆளில்லை, நோயின் அச்சம் தெளிவைக் குறைத்திருக்கும். மேலும், தமிழ் எழுத்தில் அச்சாகிய ஒன்றைப் பொதுத்தமிழ் என்று கொள்வதா, தம் வீட்டுத்தமிழ் என்று கொள்வதா என்பதைத் தாளே அறிவிப்பதில்லை. இருமொழியறிவு காப்பாகும் இடமும் உண்டு. இரட்டைப் பொருளைப் பெருக்கும் இடமும் உண்டு.

9. முடிவுரை

மக்களை நோக்கி எழுதும் மருத்துவருக்குக் கிறீனின் சொல்லறிவும் நந்தியின் உறவு நோக்கும் ஒருங்கே தேவை. சாமர்வெல்லின் நூல்கள் காட்டும் எல்லையையும், அதாவது நோயாளியைப் பற்றி எழுதுதலும் நோயாளிக்கு எழுதுதலும் வெவ்வேறு என்பதையும், அவர் நினைவிற் கொள்ளவேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, இரு மொழிக்கும் பொருள் மாறாத சொல்லைத் தேடுதல். மாத்திரையை 'விழுங்கவும்', நீர்மருந்தைக் 'குடிக்கவும்' என்றால் எல்லையின் இருபுறமும் ஒரே செயலே நிகழும். மருந்து, சோறு, கஞ்சி, பத்தியம், விலை, நிறுத்துதல் ஆகியனவும் இத்தகைய பொதுச்செல்வம். இரண்டாவது, பொதுச்சொல் கிடையாதவிடத்துப் பொருளை எண்ணிக் காட்டுதல். 'சர்க்கரை' என்று நிறுத்தாமல் 'சீனி, வெல்லம், கருப்பட்டி ஆகிய மூன்றும்' என எழுதுதல் இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது, எழுதியதை அச்சுக்கு முன் அப்பகுதி முதியவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, என்ன செய்யவேண்டும் என்று கேட்டல். 'புரிந்ததா' என்னும் கேள்விக்கு எவரும் ஆம் என்பர். 'இரவில் என்ன செய்வீர்கள்' என்னும் கேள்விக்கு வரும் விடையே மொழிபெயர்ப்பின் தேர்வு.

மொழியியலாருக்கும் ஒரு பணி எஞ்சியுள்ளது. தமிழ்–மலையாள ஒலியொற்றுமைச் சொற்களைத் தொகுத்தோர் வேர்ச்சொல் வரலாற்றையே பெரிதும் கருதினர். நோய், உறவு, கடன், கட்டளை ஆகிய நான்கு துறைகளில் பொருள் பிரியும் சொற்களை, வினைகளை முதன்மையாகக் கொண்டு, மருத்துவருக்கும் செவிலியருக்கும் பயன்படும் சிறு கையேடாக ஆக்குதல் இயலக்கூடியதே. பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களில் தொடங்கும் அத்தொகுப்பு, பாலக்காடு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய பிற எல்லைப் பகுதிகளுக்கும் விரிக்கத்தக்கது.

மருந்தைக் கழி என்றால் உண்பதா, ஒதுக்குவதா என்பதை மருத்துவரின் கையெழுத்துக்குக் கீழே எவரும் விளக்குவதில்லை. அந்த விளக்கத்தை முன்கூட்டியே வாக்கியத்துக்குள் வைப்பது எழுதுபவரின் பொறுப்பு.